750ஐக் கழற்றி 750 மாட்டிய கதை

சிக்னலில் பச்சை விழும். ஆக்சிலேட்டரை மிதிப்பேன். வண்டி ஒரு முக்கு முக்கும். அரை நொடிக்கு ஒன்றும் நடக்காது. பானெட்டுக்குள் யாரோ தும்முவது போல ஒரு சத்தம் வரும். அப்புறம்தான் திடுக்கென்று பாயும். போன செப்டம்பரில் வாங்கிய 1970 ஷெவர்லே ஷெவெல் மாலிபுவோடு முதல் ஒரு மாதம் இப்படித்தான் போனது. பெட்ரோல் வாடை வேறு. கராஜிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால், "அந்தச் சட்டையை வெளியவே கழட்டிப் போட்டுட்டு வாங்க" என்று மனைவியின் குரல் முதலில் வரும்.

இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே. பகலில் எனக்கு இன்ஜின் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதும் வேலை. பெட்ரோலை மில்லிகிராம் கணக்கில் அளந்து விடுகிற இன்ஜெக்டர்களோடு எட்டு மணி நேரம் போய்விடும். சாயங்காலமானால், துளையின் அளவும் ஸ்பிரிங்கின் இழுவையும் தவிர வேறு கணக்கே தெரியாத, காற்றோடு பெட்ரோலைக் கலந்து விடுகிற கார்பரேட்டர் என்ற உலோகப் பெட்டியோடு மல்லுக்கட்டு. அலுவலகத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இன்ஜின் 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர் வி8. நாலு பேரல், அதாவது காற்று போக நாலு துளை உள்ள கார்பரேட்டரோடு தொழிற்சாலையை விட்டு வந்தபோது நிமிடத்துக்கு 4,800 சுற்றில் 300 குதிரைத்திறன் என்று போட்டிருந்தார்கள். அது பழைய கணக்கு. ஏர் ஃபில்டரும் சைலன்சரும் இல்லாமல் சோதனை மேடையில் அளந்தது, அதனால் அப்படியே நம்ப வேண்டாம். கியர் டர்போ 350 ஆட்டோமேட்டிக். முந்தைய சொந்தக்காரர் இரும்பு இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாய்த் தொகுதியைக் கழற்றிவிட்டு அலுமினியத்தில் ஒன்று போட்டு, அதன் மேல் ஹாலி கம்பெனியின் 750 டபுள் பம்பர் கார்பரேட்டரை உட்கார வைத்திருந்தார். விற்கும்போது பானெட்டைத் திறந்து அதைத்தான் பெருமையாகக் காட்டினார். நானும் தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

இந்த வண்டிக்காரர்களிடம் பெரிய கார்பரேட்டர் மேல் ஒரு தீராத மோகம் உண்டு. 750 என்பது சி.எஃப்.எம். கணக்கு, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போக வழி இருக்கிறது என்பது. இன்ஜினுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் தன் முழுக் கொள்ளளவை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இழுக்கும். ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம். இரண்டு சுற்றுக்காக அதை இரட்டித்தால் 3,456. ஆக 350ஐ 5,500 சுற்றால் பெருக்கி 3,456ஆல் வகுத்தால் 557 வருகிறது. சாதாரண இன்ஜின் எதுவும் முழுசாக மூச்சு இழுக்காது. 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 473. என் இன்ஜின் 5,500 சுற்றைத் தாண்டப் போவதே இல்லை.

473 போதும் என்கிற இடத்தில் 750 இருந்தால் தாராளம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கார்பரேட்டர் வெறும் வாசல் இல்லை, அதுதான் அளவுகோலும். குறுகலான கழுத்து வழியே காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைச்சல்தான் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை இழுத்துத் தூவுகிறது. கழுத்து அகலமானால் காற்று சாவகாசமாகப் போகும், பெட்ரோலும் மெத்தனமாக வரும். டபுள் பம்பரில் இன்னொன்று: பின்பக்க இரண்டு பேரல்களும், அதாவது செகண்டரி, காலோடு கம்பியில் கட்டப்பட்டவை. இன்ஜின் தயாரா என்று யாரும் கேட்பதில்லை, மிதித்தால் திறக்கும். திடீரென்று நாலு வாயும் திறந்து காற்று தொய்ந்துபோகும் அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பெட்ரோலைப் பீய்ச்சும் இரண்டு பம்ப். கை கியர், லேசான வண்டி, உயர்ந்த சுற்றிலேயே ஓடும் இன்ஜின் என்றால் அருமையான கார்பரேட்டர். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஆட்டோமேட்டிக் வண்டியை மளிகைக் கடைக்கு ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு?

சரி, வேறு வாங்கிவிடலாம் என்று கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு வாங்காமல் தப்பித்ததற்குக் காரணம் ஈரோட்டில் இருக்கும் என் மாமா. அம்பாசிடர் டாக்சிகளைப் பழுது பார்த்தே முப்பது வருஷத்தை ஓட்டியவர். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பாயிண்ட் பார்த்தியா மாப்ள?"

பார்க்கவில்லை.

பார்த்தேன். பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறியை எழுப்பும் தொடுமுனை. 1970 வண்டி, இன்னும் பாயிண்ட்தான். ட்வெல், அதாவது அது மூடியே இருக்கும் கோணம், 30 டிகிரி இருக்க வேண்டும், இருந்தது 38. பாயிண்ட் இடைவெளி சுருங்கினால் டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், கூடவே பின்னுக்குப் போகும். டைமிங் லைட் அடித்தால் 2 டிகிரி. இன்ஜினின் உறிஞ்சலை வைத்துப் பொறியை முன்னுக்குத் தள்ளும் வாக்யூம் அட்வான்ஸ் குழாயை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றி, வாயில் ஒரு திருகாணியைச் செருகி அடைத்திருந்தார்கள். யார், ஏன் என்று தெரியாது. ஐடிலில், அதாவது கால் வைக்காமல் சும்மா ஓடும்போது, உறிஞ்சலைக் காட்டும் வாக்யூம் மானி 12 அங்குலத்தில் நின்று நடுங்கியது. ட்வெல்லை 30க்குக் கொண்டுவந்து, ஆரம்ப டைமிங்கை 12 டிகிரியில் வைத்து, 3,000 சுற்றில் மொத்தம் 34 வருகிறதா என்று பார்த்து, வாக்யூம் குழாயை மறுபடி மாட்டினேன். மானி 17ல் போய் ஆடாமல் நின்றது. பெட்ரோல் வாடை பாதியாகக் குறைந்தது. கார்பரேட்டரில் ஒரு திருகைக்கூட இன்னும் தொடவில்லை.

அடுத்த சோதனைக்குச் செலவே கிடையாது. இரண்டு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இன்ஜினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன்.

"தரை வரைக்கும் மிதிம்மா."

"மிதிச்சுட்டேன் அப்பா."

"இன்னும்."

"இதுக்கு மேல போகலப்பா!"

டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தால், காற்று வழியைத் திறந்து மூடும் தகடுகள் நெட்டுக்குத்தாக நிற்கவில்லை; சாய்ந்தே கிடந்தன. கையால் த்ராட்டில் லீவரை இழுத்தால் இன்னும் ஒரு அங்குலம் நகர்கிறது. முழுசாக மிதித்தாலும் முக்கால் பங்குதான் திறக்கிறது! தரையில் இரண்டு அடுக்குக் கம்பளம், பெடல் கம்பி எந்தக் காலத்திலோ வளைந்தது, கேபிளைப் பிடிக்கும் தகடு வேறு கார்பரேட்டருக்கானது. 'பிக்கப் இல்லை' என்று அந்த மனிதர் பெரிய கார்பரேட்டர் வாங்கியிருப்பார். அதையும் பாதி சாத்திய கதவாகவே ஓட்டியிருக்கிறார். கம்பியை நிமிர்த்தி, மேல் கம்பளத்தை உருவிப் போட்டேன். இப்போது தகடுகள் நேராக நின்றன.

இவ்வளவுக்கும் பிறகும் முக்கல் போகவில்லை. குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. இப்போதுதான் கார்பரேட்டரைக் குறை சொல்ல எனக்கு உரிமை வந்தது.

என் முன்னால் மூன்று வழி இருந்தன. ஹாலியிலேயே 600, வாக்யூம் செகண்டரி உள்ளது. 1850 என்ற எண்ணில் பல பத்தாண்டுகளாக விற்கிற பழைய ஆசாமி. அல்லது எடல்பிராக் 1406, அதுவும் 600, எலெக்ட்ரிக் சோக். 1957ல் வந்த கார்ட்டர் ஏ.எஃப்.பி.யின் வம்சம் அது. மேல்மூடியைக் கழற்றாமலே, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்டெப்-அப் கம்பியையும் ஸ்பிரிங்கையும் மாற்றலாம் என்பது அதன் பெரிய வசதி. அப்புறம், இந்த வண்டி பிறந்தபோது மேலே இருந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட். ஒரு நண்பர் 500 சி.எஃப்.எம். ரெண்டு பேரலே போதும், உன் கணக்குக்குச் சரியாக இருக்கிறதே என்றார். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாலு பேரலை 1.5 அங்குல பாதரச அழுத்த வித்தியாசத்தில் அளப்பார்கள், ரெண்டு பேரலை 3 அங்குலத்தில். ஒரே தராசில் வைக்க வேண்டுமானால் 1.414ஆல் வகுக்க வேண்டும். 500 என்பது அப்போது 354 ஆகிவிடும், என் 473க்குப் பத்தாது.

எதிர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற டூல் அண்ட் டை ஆசாமி. அவர் கராஜில் கார்பரேட்டர்கள் பரணில் பாத்திரம் மாதிரி அடுக்கியிருக்கும். ஒரு 600 வாக்யூம் செகண்டரியைக் கடனாகக் கொடுத்தார், கூடவே ஒரு பேப்பர் கிளிப்பும். கிளிப் எதற்கு என்று கேட்டேன். வாக்யூம் செகண்டரியில் பின் பேரல்களைத் திறப்பது கால் இல்லை. பக்கத்தில் ஒரு டயாஃப்ரம் இருக்கிறது. காற்றோட்டம் போதுமான அளவு வந்ததும் அது கம்பியை மேலே இழுத்துத் திறக்கும். அந்தக் கம்பியில் கிளிப்பை மாட்டி, டயாஃப்ரம் கூட்டின் அடிவரை தள்ளி வைக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் ஒருமுறை முழுசாக மிதித்துவிட்டு வந்து பார்த்தால், கம்பி எவ்வளவு ஏறியதோ அவ்வளவு தூரம் கிளிப் கீழே தள்ளப்பட்டிருக்கும். இதைவிட மலிவான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

முதல் ஓட்டத்தில் கிளிப் கால் அங்குலம்கூட நகரவில்லை. செகண்டரி கண்ணைத் திறந்ததோடு சரி. ஸ்பிரிங்குகள் வண்ணத்தில் வரும். கறுப்பு மிகக் கடினம், வெள்ளை மிக மென்மை. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு ஊதா போட்டேன், கிளிப் பாதிக்கு மேல் இறங்கியது. மஞ்சள் போட்டேன், இன்னும் இறங்கியது, ஆனால் பழைய முக்கல் தலைகாட்டியது. ஊதாவுக்கே திரும்பினேன். வண்டி அன்றைக்கு ஓடியது ஓட்டம். சிக்னலில் தயக்கமே இல்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நிறுத்தவே சொல்வேன். தெருவில் ஓடும் 350க்கு 600 வாக்யூம் செகண்டரி கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எனக்குக் குடைச்சல் கொடுத்தது வேறு ஒரு கேள்வி. 473 போதும் என்கிறது கணக்கு. அப்படியானால் 1970ல் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் இதே 350க்கு குவாட்ராஜெட் ஏன் வைத்தார்கள்? அதன் அளவும் 750 ஆயிற்றே. கழற்றிப் போட்ட பெட்டிக்கும் அதற்கும் எண் ஒன்றுதான். கணக்குத் தெரியாதவர்களா அவர்கள்?

எதிர் வீட்டுப் பரணில் ஓட்டை உடைசலாக ஒரு குவாட்ராஜெட் கிடந்தது. அதையும் என் டபுள் பம்பரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். டபுள் பம்பரில் நாலு துளையும் ஒரே அளவு, 1 11/16 அங்குலம். குவாட்ராஜெட்டில் முன்னால் இரண்டு பொடித் துளை, 1 3/8 அங்குலம். பின்னால் இரண்டு கிணறு, 2 1/4 அங்குலம். முன்பக்கத்தை மட்டும் ஒப்பிட்டால், டபுள் பம்பரின் பரப்பு ஒன்றரை மடங்கு. அன்றாடம் ஓட்டுகிற நேரத்தில் பெரும்பகுதி முன்பக்க இரண்டு பேரலில்தான் போகிறது. அந்தச் சின்னத் துளையில் காற்று விறுவிறுவென்று போகும், பெட்ரோலும் சொன்ன பேச்சு கேட்டு வரும். பின்னால் இருக்கும் கிணறுகளைக் கால் திறக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அவற்றின் மேலே இன்னொரு மடல் இருக்கிறது, ஏர் வால்வு. அதைத் திறப்பது காற்றின் இழுப்பு மட்டுமே. மடல் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுக்கு இரண்டு ஊசிக் கம்பிகள் மேலே எழும்பி பெட்ரோலை விடும். இன்ஜின் 473 கேட்டால் 473 அளவுக்குத்தான் மடல் திறக்கும். மீதி சும்மா கிடக்கும். எண் 750தான், என் இன்ஜின் அதை ஒருநாளும் முழுசாகக் கேட்கப் போவதில்லை.

இதே கார்பரேட்டரை 1965லிருந்து கால் நூற்றாண்டுக்கு, சின்ன வி6லிருந்து மிகப் பெரிய வி8 வரை பலவற்றில் வைத்தது அதனால்தான். என் மேனிஃபோல்டின் முகத்தில் சதுர அமைப்புக்கும் குவாட்ராஜெட்டின் விரிந்த அமைப்புக்கும் இடம் விட்டிருந்தது, இடைத்தகடு தேவையில்லை. டர்போ 350 கியரின் கிக்டவுன் கேபிளுக்கும் அதன் லீவரில் முளை இருக்கிறது. டபுள் பம்பர் போட்டவர் அந்தக் கேபிளை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் ஓரமாகக் கட்டிவிட்டிருந்தார். முழுசாக மிதித்தாலும் கியர் இறங்காததற்குக் காரணம் அது.

மார்ச் கடைசியில் ஒரு ஸ்வாப் மீட், பழைய உதிரிபாகச் சந்தை. மேசை மேசையாகத் துருவும் கிரீஸும். குவாட்ராஜெட் வாங்கப் போனால் முதலில் ஓட்டுநர் பக்கத்துச் சுவரில் நெட்டுக்குத்தாகக் குத்தியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 7040 என்று ஆரம்பித்தால் 1970, 7041 என்றால் அடுத்த வருஷம். ஷெவர்லேயில் கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் ஆட்டோமேட்டிக், ஒற்றைப்படை என்றால் கை கியர். நாலாவது மேசையில் 7040, இரட்டைப்படை. த்ராட்டில் கம்பியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன், லேசான ஆட்டம்தான். பெட்ரோல் குழாய் நுழையும் பெரிய நட்டைத் திருகிப் பார்த்தேன். அந்த மரை நைந்திருந்தால் வாங்கவே கூடாது, உடல் துத்தநாகக் கலவை என்பதால் ஆசாமிகள் இறுக்கி இறுக்கிப் பாழாக்கியிருப்பார்கள். மரை நன்றாக இருந்தது. எண்பது சொன்னார், அறுபது டாலருக்கு முடிந்தது.

பிரித்தது சமையலறை மேசையில், செய்தித்தாள் விரித்து. கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டரின் சுடர் எரிந்துகொண்டே இருக்கிறது, பெட்ரோல் கிண்ணத்தை அங்கே திறப்பது தற்கொலை. அதனால் கிண்ணத்தை வெளியே புல்தரையில் காலி செய்து, காயவைத்துத்தான் உள்ளே கொண்டுவந்தேன். மேல்மூடிக்கு ஒன்பது திருகு. ஏழைக் கழற்றிவிட்டு மூடி வரவில்லையே என்று நெம்பினால் உடையும். மீதி இரண்டு சோக் தகட்டுக்குக் கீழே தொண்டைக்குள் ஒளிந்திருக்கின்றன. மூடியைத் தூக்கியதும் உள்ளே வண்டல், ஒரு சிறு பூச்சியின் சிறகு, பழைய பெட்ரோலின் புளித்த நாற்றம்.

ஃப்ளோட், அதாவது கிண்ணம் நிறைந்ததும் ஊசியால் வழியை மூடும் மிதவை, பித்தளை இல்லை, கறுப்பான நுரைப் பொருள். பல வருஷம் பெட்ரோலில் ஊறினால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் கனத்துவிடும். கனத்தால் மிதக்காது, ஊசி மூடாது, பெட்ரோல் வழியும். கண்ணால் பார்த்துத் தெரியாது, எடை போட வேண்டும். வீட்டில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருந்தது. பழையதையும் கிட்டில் வந்த புதியதையும் மாறி மாறி வைத்தேன். பழையது புதியதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மனைவி எட்டிப் பார்த்தாள். அந்த வாரமே புதுத் தராசு ஒன்று வாங்கும்படி ஆனது.

கிண்ணத்தின் அடியில் இருக்கும் அடைப்பான்கள் கசிகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நடு உடலை மட்டும் செய்தித்தாள் மேல் வைத்து, கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி ராத்திரி முழுக்க விடுவது. கசிந்தால் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது கிண்ணம் தானாகக் காலியாகும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும், ஆசாமி சோக்கைத் திட்டுவார். வெளித் திண்ணையில் வைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு ஓரம் நனைந்திருந்தது. அரை நூற்றாண்டு கடந்த உலோகம், அதைக் குறை சொல்ல முடியாது. சுத்தமாகத் துடைத்து, பெட்ரோல் தாங்கும் எபாக்ஸி பூசி, ஒருநாள் காயவிட்டேன். மறுநாள் காகிதம் உலர்ந்தே இருந்தது.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை: புது ஊசி, புது பம்ப், புது பேக்கிங். பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டைக் கழற்றும்போது எண்ணைக் குறித்துக்கொண்டேன். குவாட்ராஜெட்டில் ஜெட் எண்ணே துளையின் அளவு, 71 என்றால் 0.071 அங்குலம். மேனிஃபோல்டில் உட்கார வைக்கும்போது முன்பக்கம் இரண்டு நீள போல்ட் மேலிருந்து கீழ்வரை போகும். அவற்றை முறுக்கி இறுக்கினால் மேல்மூடி வளைந்துவிடும். கையால் பிடித்து, ஸ்பேனரில் மெதுவாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இதைத் தெரியாமல் நாசமாக்கிய மூடிகள் ஸ்வாப் மீட் மேசையெல்லாம் கிடக்கின்றன. தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும்.

முதல் ஸ்டார்ட் நன்றாக இருந்தது. சின்ன மிதியில் வண்டி பட்டு மாதிரி. முழுசாக மிதித்தேன்.

முக்கியது!

அறுபது டாலர், மூன்று வார இறுதி, ஒரு தராசு, கடைசியில் அதே முக்கல். கோபம் ஆறியதும் யோசித்தேன். சின்ன மிதியில் இல்லை, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இல்லை, பின்பக்கம் திறக்கும் அந்தக் கணத்தில் மட்டும். அப்படியென்றால் ஏர் வால்வு மடல் அவசரப்படுகிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பொடி ஸ்பிரிங். பக்கத்தில் ஒரு சின்னத் திருகும், அதை இறுகப் பிடிக்க அடியில் 3/32 அங்குல ஆலன் பூட்டும் இருக்கும். பூட்டைத் தளர்த்தும்போது இன்னொரு கையால் ஸ்க்ரூட்ரைவரைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஸ்பிரிங் படாரென்று அவிழ்ந்துவிடும். எனக்கு அவிழ்ந்தது. அவிழ்ந்தபோதுதான் தெரிந்தது, நான் மாட்டும்போது அரைச் சுற்றுகூட முறுக்கவில்லை. மடல் சாத்தும் புள்ளியிலிருந்து முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பூட்டினேன்.

அடுத்த ஓட்டத்தில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாறியது சத்தத்தில்தான் தெரிந்தது. முதலில் ஒரு சீறல், அப்புறம் பானெட்டுக்கு அடியில் ஆழமான ஒரு 'ஊ...' என்ற உறுமல். கியர் தானாக ஒன்று இறங்கியது, கிக்டவுன் வேலை செய்கிறது! சைலன்சர் குழாயில் வைத்திருந்த ஆக்சிஜன் மீட்டர், ஒரு பங்கு பெட்ரோலுக்கு முழு மிதியில் 12.6 பங்கு காற்று, சீராகப் போகும்போது 14 என்று காட்டியது. எத்தனால் பத்து சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ஜெட் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். என் வண்டிக்கு 71 அப்படியே போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ். 1995ல் ஆரம்பித்தது, வுட்வர்ட் அவென்யூவில் ஃபெர்ண்டேலிலிருந்து பாண்டியாக் நகரம் வரை பழைய வண்டிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். நல்ல வெயில். இரண்டு மணி நேரம் ஊர்ந்தபின் ஓரமாக நிறுத்திவிட்டு எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு வந்தால், வண்டி எழுந்திருக்கவில்லை. ஏர் ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தேன், கார்பரேட்டர் தொண்டையிலிருந்து ஆவி. அடியிலிருந்து ஏறும் சூட்டில் பெட்ரோல் கிண்ணத்திலேயே கொதித்து உள்ளே வழிந்திருக்கிறது. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு கார்பரேட்டர் பேர் சொன்னார்கள். பெடலை முழுசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு சுற்றவிட்டதில் கறும்புகையோடு ஒருவழியாகக் கிளம்பியது.

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது, கால் அங்குலத் தடிமனில் சூடு தாங்கும் பேக்கிங் வாங்கிக் கார்பரேட்டருக்கு அடியில் போட்டது. மேனிஃபோல்டுக்குள் எக்ஸாஸ்ட் சூடு போகும் வழியையே அடைத்துவிடச் சொன்னார் ஒருவர். அதைச் செய்ய முடியாது. இந்த வருஷத்துக் குவாட்ராஜெட்டின் சோக் சுருள் கார்பரேட்டரில் இல்லை. மேனிஃபோல்டின் ஒரு குழியில் உட்கார்ந்து, அந்தச் சூட்டை வைத்துத்தான் சோக்கைத் திறக்கிறது. வழியை அடைத்தால் சோக் சாத்தியபடியே கிடக்கும். கீழே குனிந்து வலப்பக்க எக்ஸாஸ்ட் குழாயைப் பார்த்தபோது உண்மையான காரணம் கிடைத்தது. இன்ஜின் குளிராக இருக்கும்போது சூட்டை மேலே திருப்பிவிட அங்கே ஒரு வால்வு உண்டு, ஹீட் ரைசர். சூடானதும் தானாகத் திறக்க வேண்டும். துருவேறி, சாத்திய நிலையிலேயே இறுகியிருந்தது. அந்தப் பக்கத்துச் சூடு பூராவும் எத்தனை வருஷமாகக் கார்பரேட்டருக்கு அடியில் போனதோ! இரண்டு நாள் துரு எண்ணெய் விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி அசைத்தேன். இப்போது விரலால் தள்ளினால் ஆடுகிறது.

மாமாவிடம் போனில் சொன்னேன். "இன்னும் கார்பரேட்டரையே திட்டிட்டிருக்கியா?" என்றார்.

இப்போது பாக்கி இருப்பது ஒன்றுதான். காலைக் குளிரில் முதல் இரண்டு நிமிடம் ஐடில் ஏறி இறங்குகிறது. சோக் கம்பி நான் கையால் வளைத்தது, அரை மில்லிமீட்டர் நீளம் கூடிவிட்டது போலிருக்கிறது. அக்டோபர் பனி இறங்கி வண்டிக்குப் போர்வை போடுவதற்குள் அதை ஒருமுறை வளைத்துப் பார்க்க வேண்டும். டபுள் பம்பரை எண்ணெய் தடவி, பழைய பேண்ட் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பையன் தன் கை கியர் ஷெவர்லே நோவா காருக்கு அதைக் கேட்டு வந்தான். விலை பேசுவதற்கு முன்னால், பெடலை மிதித்தால் தகடு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.